பழுதில்லாத பிரேக்

இதை வாசித்துவிடக் கூடாத ஒருவர் இருந்தார். போன வருடம் அவர் வெளிநாட்டில் காலமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவருடைய கணவரும் தகப்பனும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. ஆகவே இனி எழுதலாம் என்று நினைக்கிறேன். பெயர்கள் மட்டும் வேண்டாம்.

நான் கார் திருத்துகிறவன். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவனை 'பாஸ்' என்பார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி மாத்தளை ரோட்டில் எங்கள் கராஜ் இருந்தது. கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் பிரேக் வேலை என்றால் என்னிடம்தான் வருவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் இந்தக் கதையின் வில்லங்கமே.

மலைநாட்டில் பிரேக் என்பது சாதாரண விஷயமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம், ஏறியதெல்லாம் இறங்க வேண்டும். பிரேக் சரியில்லை என்று யாராவது வந்தால் நான் முதலில் காரைத் தொடமாட்டேன். ஓட்டி வந்தவரிடம்தான் கேட்பேன். மிதித்தால் பெடல் கீழே போய்விடுகிறதா? அப்படியானால் எங்கோ எண்ணெய் ஒழுகுகிறது. மெத்தையை மிதிப்பதுபோல் இருக்கிறதா? குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டது. கல்லை மிதிப்பதுபோல் இருந்தும் கார் நிற்கவில்லையா? அப்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். பாதி நோயை நோயாளியின் வாயாலேயே பிடித்துவிடலாம் என்று வைத்தியர்கள் சொல்வார்கள் அல்லவா, எங்கள் தொழிலும் அதேதான்.

எண்பத்து மூன்றாம் வருடம் ஜூலை மாதம், நோன்புப் பெருநாள் முடிந்த அடுத்த கிழமை, அந்தக் கார் என்னிடம் வந்தது. சொந்தக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க எஞ்ஜினியர். ஹந்தானை மலையடிவாரத்தில் மனைவியோடு குடியிருந்தார். வேலை முடிந்து நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய அமெரிக்கக் கார் அது. கருஞ்சிவப்பு நிறம், இரண்டே கதவு, ஒரு கட்டில் நீளத்துக்கு பொனட், அதற்குள் எட்டு சிலிண்டர் எஞ்சின். ஸ்டியரிங் இடது பக்கம். அது கண்டி டவுனுக்குள் உறுமிக்கொண்டு வந்தால் சந்தைக்குப் போகிற பெண்கள்கூட நின்று பார்ப்பார்கள். இப்போது அந்த மாதிரிக் கார்களுக்கு மசில் கார் என்று பெயர் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் எங்களுக்கு அது வெறும் அமெரிக்கன் கார்.

"தம்பி, பிரேக் பிடிக்குது. ஆனா நிக்கிறதுக்கு ஒரு கிழமை எடுக்குது" என்றார் அவர். எப்போதும் அப்படித்தான், சிரித்துக்கொண்டேதான் குறை சொல்வார்.

"பெடல் எப்புடி சேர், கீழ போவுதா?"

"இல்லை, இல்லை. கல்லு மாதிரி. ரெண்டு காலாலையும் ஏறி நிண்டு அமத்த வேண்டிக் கிடக்கு. சனிக்கிழமை இதிலை நாங்கள் யாழ்ப்பாணம் போகவேணும், அதுக்கு முதல் பாத்துத் தாரும்."

போகவேண்டிய காரணத்தையும் சொன்னார். மனைவியின் தகப்பனார் கண் ஆபரேஷனுக்காகக் கண்டிக்கு வந்து அவர்கள் வீட்டில் தங்கியிருந்தார். ஒரு கண் எப்போதோ மங்கிவிட்டது. மற்றக் கண்ணில்தான் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்து, கட்டும் போட்டாகிவிட்டது. தலை குலுங்கக் கூடாது, சனத்துக்குள் இடிபடக் கூடாது என்று டொக்டர் சொன்னதால் ரயிலிலும் பஸ்ஸிலும் கூட்டிப் போக முடியாது. இந்தக் காரின் ஸ்பிரிங் மெத்தையில் படுக்கவைத்துக் கொண்டுபோகலாம் என்பது அவருடைய எண்ணம்.

தட்டை நிலத்தில் பிறந்தவர்கள் மலை இறங்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டார்கள். லைனிங் கருகியிருக்கும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். நான்கு சக்கரத்தையும் கழற்றி டிரம்மைத் திறந்து பார்த்தேன். லைனிங் புதுசு மாதிரி இருந்தது. எண்ணெய் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஒரு பகல் முழுவதும் அதோடு மல்லுக்கட்டி, கோபத்தில் ஸ்பேனரைத் தூக்கிச் சுவரில் எறிந்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் புத்தி வந்தது. இந்த மாதிரிப் பாரமான கார்களில் மனிதனின் கால் பலம் மட்டும் போதாதென்று எஞ்சினின் உறிஞ்சும் சக்தியைக் கொண்டு பெடலுக்கு உதவி செய்கிற ஒரு டப்பா இருக்கும். பூஸ்டர் என்போம். அதைச் சோதிக்க ஒரு சின்ன வழி உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு தரம் மிதித்து இறுக்க வேண்டும். பிறகு காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டும். பூஸ்டர் வேலை செய்தால் காலுக்கடியில் பெடல் மெல்ல ஒரு இறக்கம் இறங்கும். அன்று அது அசையவே இல்லை.

பொனட்டுக்குள் தலையை விட்டுக் காதுகொடுத்தேன். எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் 'உஸ்' என்று மெல்லிய மூச்சு. எஞ்சினிலிருந்து பூஸ்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸ் சூட்டில் வெடித்து, அடிப்பக்கமாக வாயைப் பிளந்து கிடந்தது. வேறொரு ஹோஸை அளவுக்கு வெட்டிப் போட்டு கிளிப்பை இறுக்கினேன். முழுதாக அரை மணித்தியாலம். அவ்வளவுதான் நோய், அவ்வளவுதான் மருந்து.

அத்தோடு நான் அவருக்கு ஆள் அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் நல்ல பாஸ் சும்மா விடமாட்டானே. கிழவரைப் படுக்கவைத்துக்கொண்டு போகிற கார், யாழ்ப்பாணம் போகிற வழியில் பலகடுவ இறக்கம் இருக்கிறது, வளைவு வளைவாக மாத்தளைப் பக்கம் இறங்கும். அந்த இறக்கத்திலேயே ஓட்டிச் சோதித்துவிடுவோம் என்று புதன்கிழமை பின்னேரம் நானே எடுத்துக்கொண்டு போனேன். நல்ல நோக்கத்தோடுதான் போனேன், அல்லாஹ் அறிவான். மேலிருந்து விட்டு, ஒவ்வொரு வளைவிலும் மிதித்துப் பார்த்தேன். விரல் நுனியால் தொட்டாலே போதும், அவ்வளவு பெரிய கார் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. பிரேக் நூற்றுக்கு நூறு.

திரும்பி வரும்போது அக்குறணையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினேன். அங்கேதான் என் தம்பிக்குப் பெண் எடுக்கிற வீடு. ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும், அதுவும் பூச்சூட்டிய காரில். அவர்கள் வியாபாரக் குடும்பம். பெண்ணின் மூத்த சகோதரியைக் கல்யாணம் முடித்தவர் வந்திறங்கிய காரைப் பற்றி அக்குறணை ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தது. எங்களிடம் இருந்ததோ என்னுடைய பழைய சின்னக் கார். கராஜ்காரன் வீட்டு மாப்பிள்ளை கராஜ் நாற்றத்தோடு வருவான் என்று யாரோ சொன்னதாக என் உம்மாவின் காதுக்கு எட்டி, அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தேத்தண்ணிக் கடை வாசலில் காரைச் சுற்றிச் சனம் கூடிவிட்டது. பெண்ணின் மாமா ஒருவரும் அதற்குள் நின்றார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இதுலயா மாப்புள வாரது?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்?

"ஓ, இதுலதான்" என்றேன்.

வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்தபோது எனக்கே திடுக்கென்றது. ஆனால் அந்த மனிதரின் முகம் மாறியதைப் பார்த்ததும் திடுக்கிட்டது மறந்துவிட்டது. வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னபோது அவர் என் தலையைப் பிடித்து முத்தமிட்டார். அதற்குப் பிறகு நான் எங்கே பின்வாங்குவது!

எஞ்ஜினியரிடம் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நாற்பது வருடமாக அதைத்தான் நினைக்கிறேன். அவர் சனிக்கிழமை போக நிற்கிறார், கல்யாணமோ ஞாயிறு. கேட்டால் முடியாது என்று சொல்வார் என்ற பயம். அதைவிட, ஒருவேளை எனக்காகப் பயணத்தைத் தள்ளிவைத்துவிடுவாரோ, அந்தப் பெரிய உபகாரத்தை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நிற்க வேண்டுமோ என்ற ரோஷம். பொய் சொல்வது அதைவிட லேசாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் வேண்டும். திருத்தி முடித்த காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, முன் சக்கரம் இரண்டையும் கழற்றி வைத்தேன். பிரேக் எண்ணெய்க் குடுவையின் மூடியைத் திறந்து பக்கத்தில் ஒரு பழந்துணியின் மேல் வைத்தேன். நாலு ஸ்பேனரைச் சிதறிப் போட்டேன். அன்று வரை அந்தக் கராஜில் நான் உடைந்ததைத்தான் பூட்டியிருக்கிறேன்.

நாலு மணிபோல எஞ்ஜினியர் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"மாஸ்டர் சிலிண்டர் சேர்" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல். "பெடல மிதிச்சா எண்ணெயத் தள்ளுறது அதுதான். உள்ளுக்கு ஈக்கிற ரப்பர் போயிட்டு. கொழும்புலருந்து வரோணும். புதன்கிழமையாவும்."

அவர் குனிந்து பார்த்தார். எஞ்ஜினியர்தான், ஆனால் அவருடைய படிப்பு பாலமும் அணைக்கட்டும். கழற்றி வைத்த சக்கரங்களைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார்.

"அவசரமில்லைத் தம்பி. வடிவாச் செய்யும். பிரேக் விளையாட்டில்லை. மாமா இன்னும் நாலு நாள் இருந்தா என்ன, மகளின்ரை சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பார்."

மனசு குத்தியது உண்மை. அவர் போன பஸ் கண்ணிலிருந்து மறைந்ததும் குத்தல் நின்றுவிட்டதும் உண்மை. உடனே சக்கரங்களைப் பூட்டிக் காரைக் கழுவ ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவே காரைச் சுற்றி நின்றது. மல்லிகைச் சரமும் ஜரிகையும் கட்டினோம். இரண்டு கதவுக் கார் என்பதால் பின் ஸீட்டுக்குப் போகிறவர்கள் முன் ஸீட்டை மடித்துத்தான் நுழைய வேண்டும். எங்கள் பெரிய வாப்பா பாதி உள்ளே போனபின் மாட்டிக்கொண்டார். சாரன் எங்கேயோ கொளுவிவிட்டது. முன்னுக்கும் இல்லை பின்னுக்கும் இல்லை. "மாப்புளய வெளிய எடுங்கடா, என்னய இப்புடியே கொண்டு போங்க" என்று அவர் கத்த, தெருவெல்லாம் சிரிப்பு. துருக்கித் தொப்பியும் கோட்டுமாகத் தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்தான். அக்குறணையில் இறங்கும்போது பெண்ணின் சகோதரன் வழக்கப்படி மாப்பிள்ளையின் காலைக் கழுவினான். அவன்கூடக் காரைப் பார்த்துக்கொண்டேதான் கழுவினான், தண்ணீர் பாதி கம்பளத்தில் போனது. உம்மா அன்று வயிறு நிறையச் சாப்பிட்டார். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

திங்கட்கிழமை காலையில் காரைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் கல்யாணத்துக்கு மறுநாளான அன்று பெண் வீட்டு விருந்துக்கு உம்மாவையும் மாமிமார்களையும் கூட்டிப் போக வேண்டியிருந்தது. இன்னும் ஒரு தரம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். விருந்தில் இருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து செய்தி வந்தது. தமிழர்களின் கடைகளையும் வீடுகளையும் எரிக்கிறார்கள், ரோட்டில் பிடித்து அடிக்கிறார்கள் என்றார்கள். சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய சஹன் தட்டில் எல்லோருடைய கையும் நின்றது. நான் உம்மாவைக்கூட அவசரப்படுத்தி ஏற்றிக்கொண்டு வந்தேன்.

கராஜுக்குப் பக்கத்து ஹாட்வெயார் கடையில்தான் டெலிபோன் இருந்தது. கடைக்காரர் வெளியே ஓடி வந்தார்.

"அந்த எஞ்ஜினியர் காலையிலருந்து மூணு தரம் போன் பண்ணினாரு. பிரேக் இல்லாட்டியும் பரவால்லயாம், மெல்ல மெல்ல ஓட்டுவாராம். கலஹாவுல தெரிஞ்ச தோட்டம் ஒண்டு ஈக்காம், அங்க போவணுமாம். கார எப்புடியாச்சும் அனுப்பச் சொன்னாரு."

"நீங்க என்னத்தச் சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? பாஸ் கல்யாண வீட்டுல, காரக் காணல்ல, ஓட்டிப் பாக்கக் கொண்டு போயிருப்பாரு எண்டு சொன்னேன்."

உடனே போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அதற்குள் ஊரடங்கு போட்டுவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். பாலத்தில் பொலிஸ். பூவும் ஜரிகையும் ஒட்டிய அந்தக் காரைக் கராஜுக்குள் தள்ளிவிட்டு, அதன் பக்கத்திலேயே நிலத்தில் உட்கார்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை கண்டி எரிந்தது. டவுன் பக்கமாகப் புகை எழும்பியதைப் பாலத்தடியிலிருந்தே பார்த்தோம். எங்கள் கராஜுக்கும் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். கையில் பொல்லும் பெற்றோல் கேனும். சிவப்புக் காரைக் காட்டி யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார்கள். என்னுடையது, முந்தாநாள் தம்பியின் கல்யாணத்துக்கு எடுத்தது என்றேன். மல்லிகைச் சரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவன் பொனட்டைத் தடவிப் பார்த்து, நல்ல சாமான் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தக் காரைப் பற்றி நான் சொன்ன மூன்றாவது பொய் அது. அதை மட்டும்தான் பிற்காலத்தில் எல்லோரும் என் வீரமாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை ஊரடங்கு தளர்ந்ததும் அகதிகளை வைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குத் தேடிப்போனேன். எஞ்ஜினியர் யாரோ கொடுத்த சேர்ட்டோடு நின்றார், இரண்டு அளவு பெரிசு. என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிப்பிடித்தார். வீடு முழுக்க எரிந்துவிட்டது. சத்தம் கேட்டதும் பின் சுவரால் ஏறிக் குதித்து ஹந்தானைத் தேயிலைக்குள் ஓடியிருக்கிறார்கள். கிழவரை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டுதான் ஓடினார்கள். ஆனால் தேயிலைக்கு நடுவில் தண்ணீர் போக வெட்டியிருக்கிற கானுக்குள் அவர் முகம் குப்புற விழுந்துவிட்டார். கண் கட்டெல்லாம் சேறு. "ஐயாவ உள்ள கொண்டாங்க, கதவச் சாத்துங்க" என்று தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு பெண் இழுத்துக்கொண்டாளாம். தன் சேலையைக் கிழித்துக் கட்டினாளாம். மூன்று நாளைக்குப் பிறகுதான் டொக்டரைக் காண முடிந்தது.

கிழவர் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டதில் படுத்திருந்தார். கட்டுப் போட்ட கண் பக்கம் முகம் வீங்கியிருந்தது.

"கார் இருக்கோ தம்பி?" என்று கேட்டார் எஞ்ஜினியர்.

"ஈக்கிது சேர்."

"பாத்தீரோ, அதாவது மிஞ்சிச்சு. தம்பி, நீர்தான் எங்களைக் காப்பாத்தினது. நீர் மட்டும் ஓட்டலாம் எண்டு அண்டைக்குச் சொல்லியிருந்தா நான் சனிக்கிழமை வெளிக்கிட்டிருப்பன். அந்த இறக்கத்திலை பிரேக் இல்லாமல் நாங்கள் மூண்டு பேரும் முடிஞ்சிருப்பம். வீடு போனாப் போகட்டும், உயிர் இருக்கு."

சனிக்கிழமை வெளிக்கிட்டிருந்தால் அன்று பொழுதுபடுவதற்குள் யாழ்ப்பாணத்தில் இருந்திருப்பார்கள். ஞாயிறும் திங்களும் செவ்வாயும் அவர்களுக்குப் பத்திரிகைச் செய்தியாக இருந்திருக்கும். அவருடைய மனைவி சற்றுத் தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டுபோன பாண் ரொட்டிப் பொதியை வைத்துவிட்டு நான் வந்துவிட்டேன்.

பிறகு அவர்களை வடக்கே அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. மாமாவின் கண் முற்றாகப் போய்விட்டது என்று ஒரே ஒரு வரி. மிச்சமெல்லாம் என் சுகத்தை விசாரித்திருந்தார்.

எங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, ஒரு மனிதருக்கு அநியாயம் செய்துவிட்டேன், தொழுது, பாவமன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தால் போதுமா என்று கேட்டேன். அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பான், மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன் மன்னித்தால்தான் உண்டு, போய்க் கேள் என்றார். தெரிந்த விஷயம்தான். யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் ஆரம்பத்தில், ரோட்டு இன்னும் திறந்திருந்த காலத்தில், காரை நானே யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிப் போனேன். பலகடுவ இறக்கத்தில் வேண்டுமென்றே மெல்லப் போனேன். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் சொன்ன சொல் கேட்டது. பிடிக்காமல் போனால்கூட நன்றாக இருக்கும் என்று ஒரு நேரம் நினைத்தேன். வழி நெடுக ஆமிக்காரர்கள் மறித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்து, முஸ்லிம் ஆள் இந்தக் காரோடு அங்கே ஏன் போகிறாய் என்று ஒவ்வொரு இடத்திலும் கேள்வி. சொந்தக்காரரிடம் ஒப்படைக்க என்று ஒவ்வொரு இடத்திலும் உண்மையைச் சொன்னேன்.

கார் வாசலில் நின்றதும் எஞ்ஜினியர் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். சாவியை வாங்கி, ஒழுங்கைச் சந்திவரை ஓட்டிப் பார்த்து வருவதாகப் போய்விட்டார். மனைவி குசினிக்குள். விறாந்தையில் கிழவரும் நானும். அவர் சாய்வுக் கதிரையில் இருந்தார். மங்கின கண்ணைச் சத்தம் வந்த பக்கம் திருப்பினார்.

"வழியிலை கரைச்சல் இல்லையே தம்பி?"

இதைவிட்டால் இல்லை என்று தெரிந்தது. அவருடைய காலடியில் குந்தினேன். பழுது புதன்கிழமையே தீர்ந்துவிட்டது ஐயா, ஒரு ஹோஸ்தான், அரை மணித்தியால வேலை என்று ஆரம்பித்தேன். கழற்றி வைத்த சக்கரம், தம்பியின் கல்யாணம், திங்கட்கிழமை விருந்து, எல்லாம் சொன்னேன். "ஐயாட கண்ண நான்தான் எடுத்தேன்" என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் கதிரையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டே இருந்தேன். அடிக்கட்டும், ஏசட்டும் என்று இருந்தது.

"கலியாணம் குறையில்லாமல் நடந்ததோ?" என்றார் கடைசியில்.

"நடந்திச்சி ஐயா."

"தம்பியின்ரை மனிசிக்குப் பிள்ளை இருக்கோ?"

"வயித்துல ஈக்கி. இன்னும் ரெண்டு மாசம்."

தலையை ஆட்டினார். "கண் என்ரை கண். அதுக்கு மன்னிக்கிறது என்ரை பாடு. மன்னிச்சிட்டன், போம். ஆனா தம்பி, இதை அவைக்குச் சொல்லப் போறீரோ?"

"சொல்லோணும் ஐயா. அவங்கள்ட்டயும் மாப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"சொல்லாதையும்."

அந்தச் சொல்லில் மட்டும் அவருடைய குரல் உயர்ந்தது. குசினிப் பக்கம் காதைக் கொடுத்துவிட்டுத் தணிந்து பேசினார். பயணம் போக இருந்த அந்தச் சனிக்கிழமை காலையில் மகள் கணவனோடு சண்டை பிடித்தாராம். அந்தக் கார் புதன்கிழமை அக்குறணைப் பக்கம் பறந்து போனதைக் கண்டதாக யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கராஜ்காரன் உங்களை ஏமாற்றுகிறான், இப்போதே போய்க் காரை எடுத்து வாருங்கள் என்றிருக்கிறார். மருமகன் போகவில்லை.

"'அந்தப் பெடியன் எனக்குப் பொய் சொல்லமாட்டான்' எண்டு சொல்லிப்போட்டு இருந்தவன். என்ரை கண் போன நாளிலையிருந்து அவள் இதைத்தான் ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லிக் காட்டுறாள். உங்கடை நம்பிக்கைதான் அப்பாவைக் குருடாக்கினது எண்டு. அவன் ஒண்டுக்கும் எதிர்த்துப் பேசமாட்டான். பிரேக் இல்லாமல் போயிருந்தா எல்லாரும் செத்திருப்பம் எண்டு மட்டும் சொல்லுவான். அவனிட்டை இருக்கிறது அது ஒண்டுதான். அவள் சொன்னதுதான் சரி எண்டு வந்தா, இந்த வீட்டிலை ரெண்டு பேரும் இருக்க ஏலாது."

வெளியே காரின் உறுமல் கேட்டது. எஞ்ஜினியர் சிரித்துக்கொண்டே படியேறி வந்தார். அதே நேரம் அந்த அம்மா தேத்தண்ணித் தட்டோடு குசினியிலிருந்து வந்தார்.

"தொட்டாப் போதும், நிக்குது!" என்றார் எஞ்ஜினியர். பிறகு மனைவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "தம்பி, இவவுக்கும் ஒருக்கா விளங்கப்படுத்திவிடும். அண்டைக்கு உண்மையிலை என்ன பிழை இருந்தது?"

அந்த அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நான் கிழவரைப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

விளங்கப்படுத்தினேன். மாஸ்டர் சிலிண்டர் என்றால் என்ன, அதற்குள் ரப்பர் எங்கே இருக்கிறது, அது தேய்ந்தால் எண்ணெய் எப்படிப் பின்னால் நழுவும், சமதரையில் பிடிக்கிற பிரேக் நீண்ட இறக்கத்தில் சூடேறி ஏன் திடீரென்று கைவிடும், எல்லாம். அதை அக்குறணைப் பக்கம் ஓட்டிப் பார்த்ததுகூட மற்றக் குறைகளைத் தேடத்தான் என்று சேர்த்துக்கொண்டேன். என் ஆயுளில் எந்தப் பழுதையும் யாருக்கும் அவ்வளவு துப்புரவாக நான் எடுத்துச் சொன்னதில்லை.

"அப்ப, சனிக்கிழமை அதிலை வெளிக்கிட்டிருந்தா?" என்று அந்த அம்மா கேட்டார். என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

"பலகடுவ தாண்டியிருக்க மாட்டீங்கம்மா."

அவர் தட்டைக் கீழே வைத்தார். கணவரிடம் போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "நான் உங்களை வீணா எவ்வளவு பேசிப்போட்டன்" என்று சொல்லும்போதே அழத் தொடங்கிவிட்டார். எஞ்ஜினியர் மற்றக் கையால் கண்ணைத் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "உங்களையும் பிழையா நினைச்சிட்டன் தம்பி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

"தேத்தண்ணி ஆறப்போகுது, குடியும்" என்றார் கிழவர்.

நான் எடுத்துக் குடித்தேன்.